பழைய பிராசஸரை ஓவர்க்ளாக் செய்தலும் மின்னழுத்தத்தைச் சரிபார்த்தலும்: சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாப்பேட்டையில் வீட்டு முன்னறையில் பழைய டெஸ்க்டாப் கணினிகளைச் சரிசெய்து கொடுத்துவருகிறேன். ஜக்கார்டு டிசைன் போடுபவர்கள், கல்லூரி மாணவர்கள், போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் என்று பலரும் வருகிறார்கள். ஓவர்க்ளாக் என்று பேச்சு வந்துவிட்டால் எல்லோரும் கேட்பவை ஏறத்தாழ ஒரே கேள்விகள்தாம். நான் வாய்மொழியாகச் சொன்ன 1.25 வோல்ட்டை ஒருவர் 1.52 என்று நினைவில் வைத்துக்கொண்டு அப்படியே பயாஸில் (கணினி எழும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) போட்டுவிட்டு வந்து நின்றார். அன்றைக்கே இவற்றை எழுத்தில் வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன்.

என்னிடம் அதிகமாக வருவது 2011 ஜனவரியில் வெளிவந்த இன்டெல் ஐ5-2500கே என்பதால், தனியாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லா அளவுகளும் அந்தப் பிராசஸருக்கு உரியவை.

ஓவர்க்ளாக் பண்றதுன்னா உள்ள என்னங்க நடக்குது?

பிராசஸரின் வேகம் இரண்டு எண்களைப் பெருக்கி வருவது. அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். பிராசஸர் அதைத் தனக்குள் 33 மடங்காக்கினால் 3.3 கிகாஹெர்ட்ஸ். அந்த மடங்குக்குத்தான் மல்டிப்ளையர் என்று பெயர். அதை 44 ஆக்கினால் வேகம் 4.4 ஆகிறது. ஒரு மாடலுக்கு வேகம் குறிக்கும்போது, அந்த வரிசையில் வரும் ஆகச் சுமாரான சில்லும் காற்றோட்டமில்லாத கேபினெட்டில் பல ஆண்டுகள் பிழையின்றி ஓட வேண்டும் என்று கணக்கிட்டுக் கொஞ்சம் இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியை எடுத்துப் பயன்படுத்துவதே ஓவர்க்ளாக். இடைவெளி சில்லுக்குச் சில்லு மாறும். ஆகவே உங்கள் நண்பருடைய எண்கள் உங்கள் கணினியில் நிற்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

அடிப்படைத் துடிப்பான 100-ஐத் தொட வேண்டாம். இந்தத் தலைமுறையில் ஹார்டு டிஸ்க் இணைப்பும் கிராபிக்ஸ் கார்டு போன்றவற்றுக்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பும் அதே துடிப்பில்தான் ஓடுகின்றன. அதை 105-க்கு மேல் ஏற்றினால் பிராசஸர் தாங்கினாலும் டிஸ்க்கில் எழுதுவது கெட்டுப்போகக்கூடும்.

எங்கிட்ட இருக்கிற பிராசஸர்ல முடியுங்களா?

பெயரின் கடைசியில் ‘கே’ என்ற எழுத்து இருக்க வேண்டும். மதர்போர்டில் இணைப்புகளை நிர்வகிக்கும் சில்லான சிப்செட்டும் இடம் கொடுக்க வேண்டும். 2500கே, 2600கே, 3570கே ஆகியவற்றுக்குப் பி67, இசட்68, இசட்77 போன்ற சிப்செட்டுகள் பொருந்தும். 4670கே, 4790கே ஆகியவற்றுக்கு இசட்87, இசட்97. பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஹெச்61 போர்டில் ‘கே’ பிராசஸரைப் போட்டாலும் மல்டிப்ளையரை ஏற்ற முடியாது. பிராசஸரை மட்டும் தேடி வாங்கிவிட்டு வந்து பலர் ஏமாந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

இதற்கும் முந்தைய கோர் 2 குவாட் கியூ6600 வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. அதில் மல்டிப்ளையர் 9-க்கு மேல் போகாது. அடிப்படைத் துடிப்பை 266-லிருந்து 333 ஆக்கித்தான் 2.4-ஐ 3.0 கிகாஹெர்ட்ஸ் ஆக்க வேண்டும். அப்போது ராமின் வேகமும் சேர்ந்து ஏறும் என்பதால், முதலில் ராமின் விகிதத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும்.

கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்குங்க அண்ணா, ஓவர்க்ளாக் பண்ணா சரியாகிடுமா?

பெரும்பாலும் ஆகாது. கணினி எழுந்து வரவே மூன்று நிமிடம் எடுக்கிறது என்றால் குற்றம் ஹார்டு டிஸ்க்கின் மீதோ ராம் பற்றாக்குறையின் மீதோ இருக்கும்; முதலில் எஸ்எஸ்டி போடுங்கள். பிராசஸருக்குள் கணக்கிடும் பகுதிகளான நான்கு கோர்களும் உழைக்கும் வேலையில் 2500கே தானாகவே 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். அதை 4.4 ஆக்கினால் கிடைக்கும் லாபம், மிக நல்ல நிலையிலும், ஏறத்தாழ 29 சதவீதம். வீடியோ ரெண்டர் செய்பவருக்கும், (ஒற்றைக் கோரில் தானாகவே 3.7 வரை போவதால் லாபம் ஏறத்தாழ 19 சதவீதம்தான் என்றாலும்) ஒரே கோரை நம்பி ஓடும் பழைய டிசைன் மென்பொருளில் பார்டரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பவருக்கும் அது கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது.

வேகத்த மட்டும் ஏத்துனா போதாதா? வோல்டேஜ எதுக்கு ஏத்தணும்?

ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் டிரான்சிஸ்டர்கள் ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு முழுமையாக மாறி முடித்திருக்க வேண்டும். வேகத்தை ஏற்றினால் அதற்கான அவகாசம் சுருங்கும். மின்னழுத்தத்தை ஏற்றினால் மாற்றம் விரைவாக நடந்து, சுருங்கிய அவகாசத்துக்குள் வேலை முடியும். ஓரளவு வேகம் வரை பழைய மின்னழுத்தமே போதும். அதற்கு மேல் போனால் போதாது.

ஆனால் அதற்கான விலை பெரியது. செலவாகும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். 3.3 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட் என்றிருந்ததை 4.4 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட் ஆக்கினால் வேகம் 1.33 மடங்கு, மின்னழுத்தத்தின் இருமடி 1.27 மடங்கு, இரண்டையும் பெருக்கினால் 1.69. தொடக்கத்தில் 95 வாட் என்று வைத்துக்கொண்டால் இப்போது 160 வாட். அத்தனையும் வெப்பமாக வெளியேறி ஆக வேண்டும். இந்தப் பெருக்கலை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தவர்கள் அதன் பிறகு மின்னழுத்தத்தை அள்ளிப் போடுவதில்லை.

அப்ப எவ்ளோ வோல்ட் வரைக்கும் போகலாம்?

தினமும் பயன்படுத்தும் கணினிக்கு நான் வைத்திருக்கும் எல்லை 1.35 வோல்ட். இன்டெல்லின் தொழில்நுட்ப ஆவணத்தில் 1.52 வோல்ட் என்று ஓர் எண் வருவது உண்மைதான். அது பிராசஸர் கேட்டுப் பெறக்கூடிய மின்னழுத்த அட்டவணையின் மேல்முனையே தவிர, தினமும் வைத்து ஓட்டச் சொன்ன அளவு அல்ல. 3570கே, 4670கே ஆகியவற்றில் சில்லுக்கும் மேல்மூடிக்கும் இடையே பற்றவைத்த உலோகத்துக்குப் பதிலாக வெப்பம் கடத்தும் பேஸ்ட் இருப்பதால் வெப்பம் வெளியேறுவது கடினம், அவற்றை 1.30-க்குள் நிறுத்திவிடுவேன். பிராசஸரோடு வந்த சிறிய கூலர்தான் இருக்கிறது என்றால் மின்னழுத்தத்தை ஏற்றவே வேண்டாம்.

டிடிஆர்3 ராமுக்கு 1.5 வோல்ட், துடிப்பை உருவாக்கும் பிஎல்எல்-க்கு 1.8 வோல்ட் என்று உள்ள மற்ற மின்னழுத்தங்களை அப்படியே விட்டுவிடலாம். ராமில் 1.65-ஐத் தாண்டினால், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் ராம் கன்ட்ரோலர் பாதிக்கப்படக்கூடும்.

ஆட்டோன்னு விட்டா போர்டே பாத்துக்காதா?

பார்த்துக்கொள்ளும், தாராளமாகப் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் சிக்கல். எந்தச் சில்லு வந்தாலும் கணினி எழுந்துவிட வேண்டும் என்று போர்டு தயாரிப்பவர்கள் நினைப்பதால், ஆட்டோவில் விட்டால் தேவைக்கு மேலேயே கொடுப்பார்கள். என்னிடம் வந்த ஒரு கணினியில் மல்டிப்ளையர் 44-க்கு ஆட்டோ கொடுத்தது 1.40 வோல்ட். கையால் இறக்கிப் பார்த்தபோது அதே சில்லு 1.295 வோல்ட்டில் நாள் முழுதும் பிழையின்றி ஓடியது. மேலே சொன்ன இருமடிக் கணக்கின்படி மின்செலவில் ஏழில் ஒரு பங்கு வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

சரிங்க, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துக்கொள்வதிலிருந்து. ஒரு நேரத்தில் ஓர் அளவை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதை உடனே எழுத வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால் கணினி நின்றுபோனபோது எதனால் நின்றது என்று தெரியாது. தெரியாதபோது எல்லோரும் மின்னழுத்தத்தையே ஏற்றுகிறார்கள்.

முதலில் எதையும் மாற்றாமல், அறையின் வெப்பநிலையையும் பிராசஸரின் அதிகபட்ச வெப்பநிலையையும் அளந்து எழுதுங்கள். பிறகு மின்னழுத்தத்தை 1.25 வோல்ட்டில் நிறுத்தி, மல்டிப்ளையரை 40, 42 என்று ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பிராசஸரைக் கடுமையாக உழைக்கவைத்துப் பிழை பார்க்கும் பிரைம்95 என்ற மென்பொருளை 15 நிமிடம் ஓட்டுங்கள். பிழை வந்தால் 0.015 வோல்ட் ஏற்றி மறுபடி ஓட்டுங்கள். மேலே சொன்ன அதே கணினிக்கு என் நோட்டில் உள்ள பக்கத்தை அப்படியே தருகிறேன். “42, 1.25: சரி, 67 டிகிரி. 44, 1.25: நான்காம் நிமிடத்தில் மூன்றாவது கோர் நின்றது. 44, 1.265: பதினோராம் நிமிடம், அதே கோர். 44, 1.28: 15 நிமிடம் சரி, 74 டிகிரி. 44, 1.28, நீண்ட சோதனை: மூன்றாம் மணி நேரத்தில் நின்றது. 44, 1.295: எட்டு மணி நேரம் சரி, 76 டிகிரி. அறை 33.” அதற்கடுத்த வரியில் 45-க்கு 1.34 வோல்ட் கேட்டது என்று எழுதி அடித்திருக்கிறேன். 42-லிருந்து 44-க்குப் போக 0.045 வோல்ட் போதுமாக இருந்தது. அடுத்த ஒரே படிக்கு அதே அளவு இன்னொருமுறை தேவைப்பட்டது. நோட்டில் இப்படி ஒரு செங்குத்தான ஏற்றம் தெரிந்தால், அந்தச் சில்லுக்கு அதற்கு முந்தைய படிதான் இடம்.

பதினஞ்சு நிமிஷம் ஓடிச்சே, போதாதுங்களா?

படிகளுக்கு இடையே போதும். முடிவு செய்வதற்குப் போதாது. மேலே உள்ள பக்கத்திலேயே 15 நிமிடம் தாண்டிய 1.28 வோல்ட், மூன்றாம் மணி நேரத்தில் நின்றதைப் பாருங்கள். கடைசி அளவை எட்டு மணி நேரமாவது ஓட்டுங்கள். பிரைம்95-இல் சிறிய அளவுச் சோதனை பிராசஸரைத்தான் அதிகம் வறுக்கும். ‘பிளெண்ட்’ என்ற சோதனை ராமையும் சேர்த்துப் பார்க்கும். இரண்டும் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளாக இல்லாமல் பார்த்துத் தொடங்குங்கள்.

சோதனை நிற்காமல் ஓடினாலும் விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து, ‘டபிள்யூஹெச்இஏ லாகர்’ என்ற பெயரில் 19 என்ற எண்ணோடு எச்சரிக்கை ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிழை நேர்ந்து, அதைப் பிராசஸரே திருத்திக்கொண்டது என்பது அதன் பொருள். இன்று தானே திருத்திக்கொண்டது நாளை திருத்த முடியாத பிழையாக வரும். ஒன்று பதிவாகியிருந்தாலும் அந்த அளவை நான் ஏற்பதில்லை.

நீலத்திரை வருதுங்க, நம்பர் பாத்து ஏதாச்சும் சொல்ல முடியுமா?

ஓரளவு சொல்லலாம். குறியீட்டின் கடைசியில் 124 அல்லது 101 என்று வந்தால், இந்தத் தலைமுறையில் பெரும்பாலும் கோர் மின்னழுத்தம் போதவில்லை என்று பொருள். 1ஏ என்று வந்தால் முதலில் ராமைச் சந்தேகியுங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐத் தனியாக ஓட்டிப் பார்த்த பிறகு பிராசஸர் பக்கம் வாருங்கள். நீலத்திரையே இல்லாமல் கணினி பட்டென்று அணைந்துபோனால் அது பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) அல்லது வெப்பத்தின் வேலை.

லோட் லைன் கேலிப்ரேஷன்னு ஒண்ணு இருக்கே, ஃபுல்லா வெச்சிடவா?

வேண்டாம். பிராசஸர் கடுமையாக உழைக்கும்போது அதற்குப் போகும் மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கும். அது குறைபாடு அல்ல. வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். உழைப்பு திடீரென்று நிற்கும் கணத்தில் மின்னழுத்தம் ஒரு துள்ளு துள்ளும். ஏற்கெனவே கொஞ்சம் இறங்கியிருந்தால் அந்தத் துள்ளல் எல்லையைத் தாண்டாது. இந்த வசதியை முழு அளவில் வைத்தால் இறக்கம் மறையும், துள்ளல் மட்டும் மிஞ்சும். கண நேரமே நீடிக்கும் அந்தத் துள்ளலைச் சிபியு-இசட் போன்ற மென்பொருள் காட்டாது. நடு அளவில் வைத்துவிட்டு, உழைக்கும்போது எவ்வளவு காட்டுகிறதோ அந்த எண்ணை நோட்டில் எழுதுங்கள்.

கேம் ஆடுறப்ப நல்லா ஓடுது, சும்மா விட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்தா ஹேங் ஆகி நிக்குது. ஏங்க?

மின்னழுத்தத்தை நிலையாக ஓர் எண்ணில் நிறுத்தாமல், பிராசஸர் கேட்கும் அளவோடு கொஞ்சம் கூட்டியோ கழித்தோ கொடுக்கும் ‘ஆஃப்செட்’ முறையில் வைத்திருப்பீர்கள். அந்த முறை நல்லதுதான். வேலை இல்லாதபோது மல்டிப்ளையர் 16-க்கு இறங்கும், மின்னழுத்தமும் 1 வோல்ட்டை ஒட்டி இறங்கும், அறையும் சூடாகாது. ஆனால் நீங்கள் கழித்த அளவு மேல்முனையில் மட்டும் கழிவதில்லை, கீழ்முனையிலும் கழிகிறது. மேலே தாங்கிய பிராசஸர் கீழே தாங்காமல் நின்றுவிடுகிறது.

லோட் லைன் அளவை அதிகம் வைத்துக்கொண்டு, அதை ஈடுகட்ட ஆஃப்செட்டில் நிறையக் கழித்தவர்களுக்கே இது அதிகம் வருகிறது. லோட் லைனை ஒரு படி குறைத்து, ஆஃப்செட்டை அதற்கேற்ப ஏற்றினால், உழைக்கும்போது கிடைக்கும் மின்னழுத்தம் மாறாமல் ஓய்வு நேரத்து மின்னழுத்தம் மட்டும் உயரும். எட்டு மணி நேரச் சோதனைக்குப் பிறகு ஓர் இரவு முழுதும் கணினியைச் சும்மா விட்டுப் பார்ப்பதையும் சோதனையாகவே கருதுங்கள்.

டிசம்பர்ல நல்லா ஓடுன செட்டிங் மே மாசத்துல ஏன் நிக்குது?

கூலரால் பிராசஸரை அறைக் காற்றைவிடக் குளிர வைக்க முடியாது. அறைக்கு மேல் இத்தனை டிகிரி என்ற வித்தியாசத்தை மட்டுமே அது தீர்மானிக்கிறது. என் நோட்டில் 33 டிகிரி அறையில் 76 என்றால் வித்தியாசம் 43. சேலத்து மே மாத மதியத்தில், அதுவும் சிமென்ட் ஷீட் போட்ட மாடி அறையில், அறையே 40 டிகிரி இருக்கும்போது அதே பிராசஸர் 83-ஐத் தொடும். சூடான சில்லில் மின்கசிவும் கூடுவதால் உண்மையில் அதற்குச் சற்று மேலேயே நிற்கும். 2500கே தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைப்பது 98 டிகிரியில்தான் என்றாலும், டிசம்பரில் நூலிழையில் நின்ற மின்னழுத்தம் இந்தச் சூட்டில் நிற்காது.

ஆகவே கோடையில், பிற்பகல் இரண்டு மணிக்கு, அறையின் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஓட்டும் சோதனைதான் என் கணக்கில் செல்லும். குளிர்காலத்தில் அளவு வைப்பவர்கள், அதே சோதனையில் 72 டிகிரிக்குள் நிற்கும்படி வைத்துக்கொண்டால் கோடையைத் தாண்டிவிடலாம்.

ஏற்காட்டுல எங்க வீடு, எப்பவும் குளுகுளுன்னு இருக்கும். நான் இன்னும் ஏத்திக்கலாமா?

கொஞ்சம் ஏற்றலாம்; ஆனால் நினைக்கும் அளவுக்கு அல்ல. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரத்தைவிட அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அது தள்ளும் காற்றின் நிறை குறைவு என்பதால், அறைக்கு மேலான வித்தியாசம் சில டிகிரி கூடும். காற்று குளிர்ந்திருப்பதால் அடர்த்தி கொஞ்சம் ஈடாகும். அறை 12 டிகிரி குளிர்ந்தால் பிராசஸரும் 12 டிகிரி குளிரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதைவிடக் குறைவாகவே குளிரும். படிக்கவோ வேலைக்கோ கணினியோடு கீழே வருபவராக இருந்தால், பயாஸில் இரண்டு புரொஃபைல் சேமித்து, கீழே வந்ததும் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

கொண்டுவரும் விதத்திலும் கவனம் வேண்டும். கனமான டவர் கூலர் மதர்போர்டில் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் கேபினெட்டை நிமிர்த்தி வைத்துக் கொண்டுவந்தால் போர்டு வளையும், கூலர் தளரும். மதர்போர்டு கீழே, கூலர் மேலே இருக்கும்படி கேபினெட்டைப் படுக்க வைத்துக் கொண்டுவாருங்கள். பனிக்காலத்தில் குளிர்ந்த கணினியைக் கீழே கொண்டுவந்தவுடன் போட வேண்டாம். வெதுவெதுப்பான ஈரக் காற்று குளிர்ந்த உலோகத்தின்மீது நீர்த்துளியாகப் படியும். இரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள்.

பக்கத்து வீட்ல தறி ஓடுதுங்க, அதனால எதாச்சும் ஆகுமா?

ஆகும். எங்கள் தெருவில் விசைத்தறி இருக்கும் வீட்டிலிருந்து வந்த ஒரு கூலரின் விசிறியைக் கழற்றியபோது, அலுமினியத் தகடுகளின் முகப்பில் பஞ்சுத்துகள் படிந்து படிந்து, விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கிழியாமல் முழுத் துண்டாக உரிந்து வரும் கம்பளிபோல் ஆகியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் விசிறி நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை உரித்தெடுத்ததும் அதே வேகத்தில், அதே மின்னழுத்தத்தில் 14 டிகிரி இறங்கியது. விசிறிக்கும் தகட்டுக்கும் இடையேதான் இது சேரும். விசிறியைக் கழற்றாமல் ஊதினால் போகாது.

வீட்ல கரன்ட் வோல்டேஜ் ஏறி இறங்குது, அது பிராசஸர் வோல்டேஜப் பாதிக்குமா?

நேரடியாகப் பாதிக்காது. 230 வோல்ட் ஏறி இறங்குவதை எஸ்எம்பிஎஸ் தாங்கிக்கொண்டு 12 வோல்ட் தருகிறது. அதிலிருந்துதான் போர்டு பிராசஸருக்கு வேண்டியதைப் பிரித்துக் கொடுக்கிறது. பிராசஸர் உழைக்கும்போது அந்த 12 வோல்ட் 11.4-க்குக் கீழே போகக் கூடாது. மலிவான எஸ்எம்பிஎஸ்களில் கீழே போகும்; அப்போது பயாஸில் எதை ஏற்றியும் பயனில்லை. சாதாரண 600 விஏ யுபிஎஸ் ஏறத்தாழ 360 வாட்தான் தாங்கும். கிராபிக்ஸ் கார்டோடு ஓவர்க்ளாக் செய்த கணினி அதை எளிதில் நெருங்கிவிடும் என்பதால், மின்சாரம் நின்ற கணத்தில் கணினியும் அணைந்தால் பிராசஸரைக் குறை சொல்லாதீர்கள்.

எனக்கு வேகம் வேண்டாம், சூடு குறைஞ்சா போதும். அதுக்கு வழி இருக்குங்களா?

இருக்கிறது; சேலத்துக்கு இதையே அதிகம் பரிந்துரைக்கிறேன். மல்டிப்ளையரைத் தொடாமல், மின்னழுத்தத்தை மட்டும் 0.015 வோல்ட் வீதம் இறக்கி, மேலே சொன்ன அதே சோதனைகளை ஓட்டுங்கள். பிழை வந்த இடத்திலிருந்து இரண்டு படி மேலே நிறுத்துங்கள். ஓய்வு நேரத்தில் நின்றுபோகும் சிக்கல் இங்கேயும் உண்டு.

ரெண்டு வருஷமா ஒண்ணுமே ஆகல. அதே செட்டிங்ல இப்ப நீலத்திரை வருது. பிராசஸர் போயிடுச்சா?

போயிருக்காது. முதலில் பஞ்சும் தூசியும், பிறகு காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், பிறகு எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட், பிறகு ராம் என்ற வரிசையில் பாருங்கள். பழைய நோட்டுப் பக்கத்தை எடுத்து, அன்றைய அறை வெப்பத்தையும் இன்றையதையும் கழித்துப் பார்த்தால், வித்தியாசம் கூடியிருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கூடியிருந்தால் குற்றம் கூலரில்தான்.

வித்தியாசம் கூடவில்லை, மற்றவையும் சரி என்றால், சில்லுக்கு வயதாகியிருக்கிறது. மின்னோட்டம் உள்ளிருக்கும் நுண்கம்பிகளின் உலோக அணுக்களை மெல்ல மெல்ல நகர்த்துகிறது, டிரான்சிஸ்டர்களும் மெதுவாகின்றன. மின்னழுத்தமும் வெப்பமும் கூடக்கூட இரண்டும் விரைவாகும். இந்த நிலையில் மின்னழுத்தத்தை ஏற்றிப் பழைய வேகத்தைப் பிடித்துவைக்கப் பார்ப்பது, தேய்மானத்தை மேலும் விரைவாக்கும். மல்டிப்ளையரை 44-லிருந்து 43-க்கோ 42-க்கோ இறக்குங்கள். பழைய மின்னழுத்தத்திலேயே அது இன்னும் பல ஆண்டுகள் ஓடும்.

இத விக்கப்போறேன், இப்படியே குடுத்துடலாமுங்களா?

பயாஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுக் கொடுங்கள். வாங்குபவருடைய அறையும் யுபிஎஸ்ஸும் வேறு. உங்கள் அளவு அங்கே நிற்காது. எத்தனை ஆண்டுகள் எத்தனை வோல்ட்டில் ஓடியது என்பதை மறைக்காமல் சொல்லி, நோட்டில் அந்தக் கணினிக்குரிய பக்கத்தைக் கிழித்துக் கேபினெட்டின் உள்பக்கத் தகட்டில் ஒட்டிக் கொடுங்கள். நான் விற்றவை எல்லாம் அப்படித்தான் போயிருக்கின்றன. திரும்பச் சரிபார்க்க வரும்போது அந்தத் தாளைத்தான் முதலில் படிக்கிறேன்.